மாதுளந்தோலும் ஆப்பாவின் நாக்கும்

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். முன்னால் சின்ன கவுண்ட்டர். பின்னால் கறி அரைக்கும் இயந்திரம், அடுப்புகள், ஒரு குளிர் அறை. வாங்க வந்தவர் கோலா உருண்டை பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்குள் கவுண்ட்டரில் நிற்கும் ஆப்பா சொல்லிவிடுவார்:

"இந்த வாட்டி உருண்டை கொஞ்சம் சின்னதா ஆயிடுச்சுபா. காரமும் தூக்கலா இருக்குது. பார்த்து எடுத்துக்கோ."

காஞ்சிபுரத்தில் இப்படி வியாபாரம் செய்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. எந்த மடிப்பை மேலே வைப்பது, எந்த மடிப்பை உள்ளே தள்ளுவது என்று கற்றுக்கொண்ட பிறகுதான் பட்டுக்கடையில் ஒருவனைப் புடவை விரிக்கவே விடுவார்கள். ஆப்பா தன் சரக்கின் குறையை முதலில் விரித்துவிட்டு, நல்லதை வாங்குபவர் வீட்டில் போய்க் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். சிலர் சிரித்துக்கொண்டே ஒரு பாக்கெட்டுக்கு இரண்டாக வாங்கிப் போவார்கள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வண்டியில் வந்த ஒருவர், "கடைக்காரம்மாவே நல்லா இல்லன்றாங்க, நாம ஏன் வாங்கணும்" என்று மனைவியிடம் சொல்லி அப்படியே திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன். "அவர் சொல்றது சரிதானே" என்றார் ஆப்பா.

உருதுவில் ஆப்பா என்றால் அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வேலை செய்பவர்கள், பால்காரர், கரண்ட் பில் கணக்கெடுக்க வருபவர் என்று எல்லோருக்கும் அவர் ஆப்பாதான். உண்மைப் பெயரை ஒருமுறை ஒரு வங்கிக் காகிதத்தில் பார்த்தேன். யாரோ தெரியாத பெண்மணியின் பெயர் போல இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பாலாற்றங்கரையில் மற்றவர் நிலத்தில் வேலை செய்து வளர்ந்தவர்கள். நான் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். கறியைக் கெடாமல் வைப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று அப்பாவிடம் விளக்கியபோது, "உப்புக்கண்டம் போடறதுக்கா காலேஜ்?" என்றார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் ஆப்பாவிடம் வேலை கேட்டுப் போனேன்.

"வேலையோட குறையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "உள்ள வேக்காடு. ஃபேன் பேருக்குத்தான் சுத்தும். என் வாய் சரியில்ல, அதுவும் தெரிஞ்சிக்கோ. இப்ப உன் குறையைச் சொல்லு."

கல்லூரியில் இன்டர்வியூவுக்கு என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் சொல்லித் தந்தபடி, "நான் ரொம்ப உழைப்பேன் மேடம், அதுதான் என் குறை" என்றேன்.

ஆப்பா பின்பக்கம் திரும்பி, "அடியே வசந்தா, இந்தப் பையனுக்கு ரொம்ப உழைக்கிற வியாதியாம். மத்தியானம் பாய் விரிச்சி படுக்க வெச்சிடு" என்றார். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

உள்ளே ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். வசந்தாக்காதான் உருண்டை பிடிப்பதில் கைதேர்ந்தவர். ரம்ஜான் மாதத்தில் ஆறு பேர் போதாது. அது முடிந்தால் ஆறு பேருக்கு வேலை இராது. புரட்டாசி வந்துவிட்டால் இந்தக் கோயில் ஊரில் பாதிப் பேர் கறியைத் தொட மாட்டார்கள். வருடம் முழுக்க ஆறு பேருக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு போக வேண்டும். நான் சேர்ந்த வருடம் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் பல கிளைகள் வைத்து, குளிரூட்டிய உணவு விற்கும் ஒரு கடை எங்கள் கோலா உருண்டையைக் கேட்டது. அவர்கள் போட்ட நிபந்தனை இரண்டு. சரக்கு ஏழு நாள் நிற்க வேண்டும். கெடாமல் இருக்க நாங்கள் டப்பாவிலிருந்து எடுத்துப் போடும் ரசாயனப் பொடியின் பெயர் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கக் கூடாது. சட்டப்படி அந்தப் பொடியில் தவறில்லை. ஆனால் அவர்கள் கடையில் வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பவர்களாம்.

அந்த ஆர்டர் வந்தால் ஆறு பேரும் இருப்பார்கள். வராவிட்டால் புரட்டாசிக்குள் மூன்று பேர் போக வேண்டியிருக்கும். ஆப்பா இதை ஆறு பேரையும் உட்கார வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆப்பாவின் குணம் கடையோடு நிற்கவில்லை. அவருடைய தம்பிக்குப் பெண் பார்க்க வாலாஜாவுக்குப் போனார்கள். தேநீர் வந்ததும் ஆப்பா பெண்ணின் அம்மாவிடம், "பையன் குறட்டை விடுவான். கோபம் வந்தா ரெண்டு நாள் சோறு தின்ன மாட்டான், நாமதான் கெஞ்சணும். ரெண்டு வேலைய விட்டிருக்கான்" என்றாராம். பக்கத்திலேயே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அம்மா, "வேற?" என்று கேட்டிருக்கிறார். "வேற ஒண்ணும் இல்ல." "அப்ப சரி" என்று நிச்சயம் செய்துவிட்டார்கள். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதே அந்தத் தம்பிதான். "எங்க ஆப்பா இருக்கற வரைக்கும் எனக்கு வெளியில எதிரியே வேணாம்பா" என்றார்.

எல்லா முறையும் இப்படிச் சிரிப்பில் முடியாது. வசந்தாக்கா தன் கல்யாண நாளுக்குக் கணவர் வாங்கிக் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் வந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். ஆப்பா கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஜரிகை இல்லமா. உன் வீட்டுக்காரரை ஏமாத்திட்டாங்க."

வசந்தாக்கா மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். ஆப்பா மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார், வேறு புடவையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் வசந்தாக்கா அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. "சொல்லாம இருந்திருந்தா அவங்க சந்தோஷமா இருந்திருப்பாங்க ஆப்பா" என்றேன். "இருந்திருப்பா" என்று ஒப்புக்கொண்டார்.

பொடிக்குப் பதில் என்ன போடுவது என்று தேடியபோது எனக்கு மாதுளந்தோல் நினைவுக்கு வந்தது. பழக்கழிவுகளைப் பற்றிக் கல்லூரியில் படித்திருந்தேன்.

"தோலா? பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரன் சாக்குல கட்டி ரோட்டோரம் வெக்கிறானே, அதுவா?" என்றார் ஆப்பா.

"அதுல துவர்ப்பு அதிகம் ஆப்பா. கறில இருக்கற கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காம பிடிச்சி வெக்கும். கிருமியும் மெதுவாத்தான் வளரும்."

"பழத்தை எவனோ குடிச்சிட்டு போயிடறான். தோல் நமக்கு." என்று சிரித்தார். "சரி, போடலாம். ஆனா யார் கேட்டாலும் தோல் போட்டிருக்குதுன்னு சொல்லிடுவேன். அப்பறம் என்னைத் திட்டாதே."

ஜூஸ் கடைகளில் மூடி போட்ட டப்பாக்களை வைத்தோம். குப்பைச் சாக்கில் விழுந்ததை எடுக்க மாட்டோம், உரித்த கையோடு டப்பாவில் போட வேண்டும் என்று பேச்சு. தோலைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டினால் சாறு. அந்தச் சாற்றை அரைத்த கறியில் கலக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எதில் ஊறவைப்பது என்ற இடத்தில்தான் இந்த ஊர் குறுக்கே வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் ஏகாம்பரம், ஆப்பாவுக்குப் பழக்கம். விஷயம் காதில் விழுந்ததும் அவரே வந்துவிட்டார்.

"மாதுளந்தோல் எங்க சரக்காச்சே. நூலுக்கு மஞ்சள் ஏத்தறதே அதுலதான். கண்ட பாத்திரத்துல போட்டா சாறு இறங்காது. செம்பு அண்டா வேணும். என்கிட்ட ஒண்ணு புதுசா கிடக்குது, சாயமே தொடாதது. எடுத்துக்கினு போங்க."

சாயக்காரர் ஒரு தோலைப் பற்றிச் சொன்னால் காஞ்சிபுரத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை. அண்டா வந்தது. வசந்தாக்காவும் மற்றவர்களும் புளி போட்டுத் தேய்த்தார்கள். கோயில் கலசம் போல மின்னியது. அதில் இறங்கிய சாறும் நல்ல நிறம். அந்தச் சாற்றைக் கலந்து உருண்டை பிடித்தோம். ஆப்பா அதில் சில பாக்கெட்டுகளை, "இது புதுசு, தோல் போட்டது, எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது" என்று சொல்லியே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். பழைய எண்ணெய் வாடை. சாறு கலக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்தேன். அதில் வாடையே இல்லை. கெடாமல் காக்கப் போட்ட சாறுதான் கெடுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்த செம்பில் புளிப்பும் துவர்ப்பும் உள்ள தோலைக் கொதிநீரில் ஊறவைத்தால், செம்பு கொஞ்சம் சாற்றில் இறங்கும். அந்தச் செம்பு கொழுப்பை வேகமாகச் சிக்குப் பிடிக்க வைக்கும். நூலில் கொழுப்பு கிடையாது, அதனால் சாயக்காரருக்கு இது என்றைக்கும் தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஆப்பா அப்போதே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடன் நடந்த பேச்சு ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, நான் கொடுத்த உருண்டையைச் சாப்பிடாதீங்க. கொண்டாந்து கொடுங்க, வேற தரேன்."

"நேத்தே சாப்ட்டோமேமா. நல்லாத்தான் இருந்துச்சு."

"இல்லண்ணே. நல்லா இல்ல."

"சாப்ட்டது நானா, நீயா?"

"நீங்கதான். ஆனா நல்லா இல்ல."

சேதி ஏகாம்பரத்துக்கும் போனது. கோபமாக வந்தார். "மூணு தலைமுறையா செம்புலதான் போடறோம். என் அண்டாவையா குறை சொல்றீங்க?"

"உன் அண்டா நூலுக்கு நல்லது. கறிக்கு ஆவாது. கறில கொழுப்பு இருக்குதுபா, அதான் வம்பு. உனக்கும் கொஞ்சம் இருக்குது" என்றார் ஆப்பா. ஏகாம்பரம் முறைத்துக்கொண்டே தேநீர் குடித்துவிட்டு, அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன்பிறகு எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறினோம். சாற்றின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கூட்டினால் கறி துவர்த்தது, நிறமும் மங்கியது. குறைத்தால் நாலாம் நாளே வாடை வந்தது. பலமுறை மாற்றிப் பார்த்த பிறகு ஓர் அளவு பிடிபட்டது. சென்னையில் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஏழாம் நாளும் சரக்கு கெடவில்லை, உண்ணத் தகுந்தது என்று அறிக்கை வந்தது. அம்மாவிடம் அந்த அறிக்கையைக் காட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

பாக்கெட்டில் என்ன எழுதுவது என்பதில் எனக்கும் ஆப்பாவுக்கும் சண்டை வந்தது. "இயற்கைத் தாவரச் சாறு சேர்த்தது" என்று எழுதியிருந்தேன்.

"என்ன தாவரம்?"

"மாதுளை."

"மாதுளைல என்னாது? இலையா, பழமா?"

"தோல்."

"அதை எழுது."

"தோல்னு போட்டா முகம் சுளிப்பாங்க ஆப்பா."

"சுளிக்கட்டுமே. சுளிச்சிக்கினே சாப்டட்டும்." யோசித்துவிட்டு, "ஜூஸ் கடைல மிஞ்சினதுன்னும் போடலாமா?" என்றார். அதை எழுதவிடாமல் தடுக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. கடைசியில் "மாதுளந்தோல் சாறு" என்று அச்சானது.

சென்னையிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நல்ல மனிதர், தொழிலும் தெரிந்தவர். குளிர் அறையைப் பார்த்தார், பெண்களின் கையுறையைப் பார்த்தார், அறிக்கையை வரி வரியாகப் படித்தார். தோல் என்று பாக்கெட்டில் இருந்ததைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. "இப்ப இதுக்குத்தான் மார்க்கெட் மேடம், வேஸ்ட்ல இருந்து எடுக்கறதுக்கு" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு உயிர் வந்தது. புதிதாகச் செய்ததை வறுத்துக் கொடுத்தோம். பிறகு அவர் கேட்டபடி ஏழு நாள் வைத்திருந்த பாக்கெட்டையும் பிரித்து வறுத்தோம். ஒன்றை முழுவதுமாகச் சாப்பிட்டார்.

"சூப்பர் மேடம். எனக்கு வித்தியாசமே தெரியல. ஏழு நாள் ஓகே."

உள்ளே வசந்தாக்காவும் மற்றவர்களும் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பா தட்டிலிருந்து ஏழாம் நாள் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மெல்ல மென்றார்.

"ஒரு குறை இருக்குது தம்பி" என்றார். "மசாலா வாசம் அடங்கிப்போச்சு. அது அடங்கினதும் தோலோட துவர்ப்பு மேல வருது. நாக்கோட ஓரத்துல நிக்குது பாருங்க."

அதிகாரி இன்னொரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தார். "சொன்ன பிறகு லேசா தெரியுது. ஆனா சொன்னாத்தான் தெரியும் மேடம்."

"அதான் சொல்லிட்டேனே."

"கெட்டுப்போகல இல்லையா?"

"கெடல" என்றேன் நான் அவசரமாக. "ரிப்போர்ட்ல இருக்குது சார்."

"கெடல" என்று ஆப்பாவும் சொன்னார். "ரிப்போர்ட்டும் சரி, பையன் வேலையும் சரி. ஆனா நல்லா இல்ல. அஞ்சு நாள்னு போடுங்க. அஞ்சாம் நாள் வரைக்கும் நான் பொறுப்பு."

"எங்க வண்டி வாரத்துக்கு ஒருவாட்டிதான் மேடம் வரும். அஞ்சு நாள் சரக்கை வெச்சி நான் என்ன பண்றது?"

"ரெண்டு வாட்டி அனுப்புங்க."

அவர் சிரித்தார். கிண்டல் இல்லாத சிரிப்புதான். வண்டி எத்தனை முறை வர வேண்டும் என்பது அவர் கையில் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். காரில் ஏறும்போது என்னைத் தனியே அழைத்து, "பேசிப் பாருங்க பிரதர். ஏழுன்னு மெயில் போட்டா நாளைக்கே ஆர்டர்" என்றார்.

நான் பேசிப் பார்த்தேன். வசந்தாக்கா பேசினார். ஆப்பாவின் தம்பியும் போனில் பேசினார். ஆப்பா யாரிடமும் கோபப்படவில்லை, தான் செய்வது நியாயம் என்றும் வாதாடவில்லை. அஞ்சு என்றார், அதையே திரும்பச் சொன்னார். மெயிலை அவர் சொன்னபடி நான்தான் அடித்து அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது. ஐந்து நாள் சரக்கை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள ஒரே ஒரு கிளை மட்டும் எடுத்துக்கொள்ளும். சென்னைக்கு இப்போது முடியாது. அந்த ஒரு கிளையை வைத்து ஆறு பேருக்கு வேலை கொடுக்க முடியாது.

ஆப்பா செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது. நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் பொருளின் ஆயுளைக் கருவி சொல்கிறது. அது சொன்னதை எழுதுகிறோம், பொய் எதுவும் எழுதுவதில்லை. அந்த அறிக்கையிலும் பொய் இல்லை. ஒரு நாக்கின் ஓரத்துக்காக மூன்று பேரின் வேலை போகலாமா என்று அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை வந்தது. ஆப்பாவைப் பிடிக்காமலும் போகவில்லை.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கில் மூன்று பேர் போக வேண்டும் என்றால் அதில் வசந்தாக்கா வரமாட்டார். ஆனால் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் கணவனை இழந்தவர்கள். கணவருக்கு நிலையான வேலை உள்ளவர்கள்தான் போக வேண்டும் என்று ஆப்பா முடிவு செய்தார். வசந்தாக்காவின் கணவர் பருத்தித் துணி நெய்பவர், தறியில் எப்போதும் பாவு இருக்கும், வேலைக்குக் குறைவில்லை. அதனால் அவர் பெயரும் வந்தது.

கடையில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றேன். "வேலை குடுக்கும்போது வீட்டுக்குப் போய்த்தான் கூப்ட்டேன்" என்று ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தார். வசந்தாக்கா வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாசலிலேயே நின்றார். உள்ளே தறி நின்றது.

"உனக்கு அடுத்த மாசத்துலேந்து வேலை இல்ல வசந்தா" என்றார் ஆப்பா. "ஆர்டர் போனதாலதான். ஆர்டர் போனது என்னாலதான். நான் வாயை மூடிக்கினு இருந்திருந்தா உனக்கு வேலை இருந்திருக்கும். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

வசந்தாக்கா அழுவார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"மெட்ராஸ்லேந்து வந்த பையனுக்கே தெரியல. திங்கற எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. அப்பறம் ஏன் ஆப்பா சொன்னீங்க?"

ஆப்பா பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

"துவர்த்துச்சுமா" என்றார்.

வசந்தாக்கா தலையை மட்டும் ஆட்டினார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. உள்ளே தறி மறுபடி ஓடத் தொடங்கியது. ஆப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, வேலை போகும் அடுத்த பெண்ணின் வீட்டுக்கு நடந்தார்.